முழுக்குத் தொட்டிக்குள் கல்லறை எப்போது வந்தது?

முழுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிற சபைகளில் அன்றைக்குப் பவுல் எழுதிய ரோமர் 6 வாசிக்காமல் இருக்கமாட்டார்கள். "ஞானஸ்நானத்தினாலே கிறிஸ்துவுடனேகூட அடக்கம்பண்ணப்பட்டோம்" என்ற வசனம் வந்ததும், போதகர் ஆளின் மூக்கைப் பொத்தி, முதுகுக்குக் கை கொடுத்து, மல்லாக்கச் சாய்த்துத் தண்ணீருக்குள் இறக்கித் தூக்குகிறார். சவத்தைக் குழியில் இறக்குவது போல என்று விளக்கமும் சொல்வார்கள். அதோடு நிற்பதில்லை. ஆதிசபையில் இப்படித்தான் செய்தார்கள், தொட்டியையே கல்லறை வடிவில்தான் கட்டினார்கள், சடங்கின் ஒவ்வொரு படியும் அடக்கச் சடங்கிலிருந்து எடுத்ததுதான் என்றும் சேர்த்துக்கொள்கிறார்கள். பிரசங்கங்களில் மட்டுமல்ல, கொஞ்சம் விவரமாக எழுதப்பட்ட கட்டுரைகளிலும் இது ஐயம் திரிபற நிரூபிக்கப்பட்ட சங்கதி போல வருகிறது. உறுத்துவது இதுதான். வசனம் உண்மை, கல்லறை வடிவத் தொட்டிகளும் உண்மை. ஆனால் இடையில் சுமார் 300 வருடம் இருக்கிறது. அந்த 300 வருடத்தைத் தாண்டிக் குதித்துவிட்டுத்தான் இந்த விளக்கம் நிற்கிறது.

என் கட்சி இது. முதல் இரண்டு நூற்றாண்டுகளின் ஞானஸ்நானம் சவ அடக்கத்தைப் பார்த்து அமைந்ததல்ல. யூதர்களின் தீட்டுக்கழிப்பு முழுக்கும் ரோமானியக் குளியல் பழக்கமும் கலந்த ஒரு குளியல் அது. கல்லறை என்ற பொருள் பவுலின் வாக்கியத்தில் தூங்கிக்கொண்டிருந்து, நான்காம் நூற்றாண்டில்தான் சடங்கின் மேல் முழுசாக ஏறி உட்கார்ந்தது. எதிர்த்திசைப் பயணம் மட்டும் அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. மூன்றாம் நூற்றாண்டிலேயே கல்லறைதான் முதலில் ஞானஸ்நானத்தைத் தன் சுவரில் வரைந்துகொண்டது.

குளியலின் ஒழுங்கு

டிடாக்கே என்ற பழைய சபை ஒழுங்கில் ஞானஸ்நானத்துக்கு ஒரு சின்ன அதிகாரம் இருக்கிறது. ஓடும் தண்ணீரில் கொடு. அது கிடைக்காவிட்டால் வேறு தண்ணீரில் கொடு. குளிர்ந்த தண்ணீர் முடியாவிட்டால் வெந்நீரில். இரண்டும் இல்லையென்றால் தலையில் மூன்று தரம் ஊற்று. கொடுப்பவரும் பெறுபவரும் உபவாசம் இருக்கவேண்டும், பெறுபவர் ஒன்றிரண்டு நாள் முன்னதாகவே. அவ்வளவுதான். மரணம், அடக்கம், மூன்று நாள் என்று ஒரு வார்த்தை கிடையாது. தலையில் ஊற்றினாலும் செல்லும் என்று சொல்கிறவருக்கு, குழிக்குள் இறக்கும் காட்சி மனதில் இருந்திருக்க முடியாது.

அப்போஸ்தலிக்கப் பாரம்பரியம் என்று அழைக்கப்படும் ஒழுங்கு இன்னும் விரிவானது. சேவல் கூவும் நேரத்தில் தண்ணீர் மேல் ஜெபம். எல்லோரும் உடைகளைக் களையவேண்டும். முதலில் பிள்ளைகள், பிறகு ஆண்கள், கடைசியில் பெண்கள். பெண்கள் கூந்தலை அவிழ்த்து நகைகளைக் கழற்றிவிடவேண்டும். அந்நியப் பொருள் எதையும் யாரும் தண்ணீருக்குள் கொண்டுபோகக் கூடாது. சாத்தானை விட்டேன் என்று சொன்னதும் பேயோட்டும் எண்ணெய் பூசுகிறார்கள். பிறகு தண்ணீரில் நின்றபடி மூன்று கேள்வி, மூன்று "விசுவாசிக்கிறேன்", மூன்று முழுக்கு. வெளியே வந்ததும் நன்றி எண்ணெய். துடைத்து, உடுத்தி, சபைக்குள் போகிறார்கள். அங்கே நற்கருணையோடு பாலும் தேனும் கலந்த கிண்ணம் காத்திருக்கிறது.

இந்த வரிசையைச் சவத்துக்குச் செய்வதோடு ஒப்பிட்டால் பொருத்தமின்மை தெரியும். அப்போஸ்தலர் 9-இல் தபீத்தாள் இறந்ததும் உடலைக் கழுவி மேல்வீட்டில் கிடத்துகிறார்கள். ரோமானியர் வழக்கமும் இதுதான்: வெந்நீரில் கழுவி, வாசனைத் தைலம் பூசி, உடுத்திக் கிடத்துவார்கள். சுகந்தவர்க்கம் துணியோடு சேர்ந்து கடைசியில் வருகிறது. இயேசுவின் அடக்கத்துக்கு நிக்கொதேமு கொண்டுவந்த வெள்ளைப்போளமும் கரியபோளமும் ஏறக்குறைய நூறு இராத்தல், இன்றைய கணக்கில் 30 கிலோவுக்கு மேல், சீலைகளுக்குள் வைத்துச் சுற்றத்தான் போனது. ஞானஸ்நானத்திலோ உடம்பெல்லாம் எண்ணெய் முதலில், தண்ணீர் அப்புறம். அது பொதுக் குளியலறையின் வரிசை: எண்ணெய் தேய்த்து, உடற்பயிற்சி செய்து, அழுக்கை வளைந்த உலோகச் சுரண்டியால் வழித்து, பிறகு தண்ணீர். மிலான் ஆயர் அம்புரோஸ் இந்த எண்ணெயை விளக்கும்போதுகூடச் சவத்தைச் சொல்லவில்லை; கிறிஸ்துவின் மல்லனாக, கோதாவில் இறங்கப் போகிறவனாகப் பூசப்பட்டாய் என்கிறார்.

கி.பி. 203-இல் கார்த்தேஜ் அரங்கில் சிறுத்தை கடித்து, கிறிஸ்தவர் என்பதற்காக மிருகங்களுக்குப் போடப்பட்ட சத்தூருஸ் இரத்தத்தில் நனைந்தபோது, கூட்டம் "நன்றாய்க் குளித்தாய், நன்றாய்க் குளித்தாய்!" என்று கத்தியது. குளியலறையில் ஒருவரையொருவர் வாழ்த்தும் சொல் அது. கூட்டம் கிண்டலாகச் சொன்னதை, சம்பவத்தை எழுதிவைத்த கிறிஸ்தவர் இரண்டாம் ஞானஸ்நானத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார். மரணத்தையும் ஞானஸ்நானத்தையும் சேர்த்துப் பார்க்கும்போதுகூட அவர்கள் கைக்கு முதலில் எட்டியது குளியல்தான்.

பவுல் எங்கே போனார் என்று கேட்கலாம். அவர் 50-களில் எழுதியது பாவத்தில் தொடரலாமா என்ற வாதம். சடங்கை எப்படிச் செய்வது என்ற குறிப்பல்ல. இரண்டாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தீனுக்கு ஞானஸ்நானம் மறுபிறப்பு, ஒளியூட்டல். அதே நூற்றாண்டின் ஹெர்மாஸ் "செத்தவர்களாகத் தண்ணீருக்குள் இறங்கி உயிரோடு ஏறுகிறார்கள்" என்று எழுதுகிறார். அங்கேயும் ஆள் செத்துப்போவது தண்ணீருக்கு வெளியே. தண்ணீர் அவனைப் புதைப்பதில்லை, உயிர்ப்பிக்கிறது. ஏறக்குறைய 200-இல் கார்த்தேஜ் எழுத்தாளர் தெர்த்தூலியன் மட்டும், ஆண்டவரின் பாடுகளுக்குள் ஞானஸ்நானம் பெறுகிறோம், அதனால் உயிர்ப்புத் திருநாளாகிய பாஸ்காவே மிகப் பொருத்தமான நாள் என்கிறார். அதே மூச்சில், பெந்தெகொஸ்தேயும் சரி, எந்த நாளும் ஆண்டவருடைய நாள்தான் என்று விட்டுவிடுகிறார்.

துரா யூரோப்போஸ்

இந்த வாதத்துக்கு எதிராக வைக்கக்கூடிய ஒரே வலுவான பொருள் சிரியாவில், யூப்ரடீஸ் கரை மேட்டில் இருந்த துரா யூரோப்போஸில் கிடைத்தது. 230-களில் கட்டிய ஒரு சாதாரண வீடு; சில வருடங்களுக்குள் அதன் இரண்டு அறைகளை ஒன்றாக்கிக் கூடமாக்கி, இன்னொரு அறையை ஞானஸ்நான அறையாக மாற்றியிருக்கிறார்கள். 256-ஐ ஒட்டி பாரசீகப் படை முற்றுகையிட்டபோது, கோட்டைச் சுவரைப் பலப்படுத்த ரோமானிய வீரர்கள் சுவரோரத் தெருவையும் வீடுகளையும் மண்ணால் நிரப்பினார்கள். அந்த மண்ணுக்குள் போனதால்தான் சுவரோவியங்கள் 1930-களின் அகழாய்வு வரை தப்பின. இன்று அவை அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில், நிறம் பெரும்பாலும் போன நிலையில் இருக்கின்றன.

அறையின் ஒரு கோடியில் தொட்டி. நீளம் சுமார் 1.6 மீட்டர்; அகலமும் ஆழமும் ஒரு மீட்டருக்குச் சற்று முன்பின். முன்னால் இரண்டு தூண்கள், மேலே வளைவான கூரை, கூரையின் உட்புறம் நீல வானமும் நட்சத்திரங்களும். பின்சுவரில் ஆட்டைத் தோளில் சுமக்கும் மேய்ப்பர், கீழே ஓரத்தில் சின்னதாக ஆதாமும் ஏவாளும். சுரங்கக் கல்லறைகளில் வசதியான குடும்பத்தார் சுவரில் வளைவாகக் குடைந்து, அடியில் உடலை வைக்கும் மாடக் கல்லறையைப் பார்த்தவர்களுக்கு இந்த வளைவு உடனே பிடிபடும். போதாததற்கு, பக்கச் சுவரில் தீவட்டி ஏந்திய பெண்கள் பெரியதொரு வெள்ளைக் கட்டுமானத்தை நோக்கி நடக்கிறார்கள். உயிர்ப்பு நாளில் கல்லறைக்குப் போன பெண்கள் என்று பலர் வாசித்தார்கள். கதை முடிந்தது என்று தோன்றும்.

கிட்டப்போய்ப் பார்த்தால் அவ்வளவு லேசில் முடிவதில்லை. வளைவுக் கூரை கல்லறைக்கு மட்டும் உரியதல்ல. சாமி சிலைக்கும், சிம்மாசனத்துக்கும், சுவர் மாடத்துக்கும் அந்தக் காலத்தில் அதேதான். தீவட்டியோடு போகிற பெண்கள் மணவாளனை எதிர்கொள்ளும் கன்னிகைகளாகவும் இருக்கலாம். அப்போது அந்த வெள்ளைக் கட்டுமானம் கல்லறையல்ல, கலியாணப் பந்தல். சிரியாவின் பழைய கிறிஸ்தவ எழுத்துகள் ஞானஸ்நானத்தைப் பற்றிப் பேசும்போது யோர்தானையும் கருப்பையையும் திருமணத்தையும்தான் அதிகம் பேசுகின்றன என்பதால், இந்த இரண்டாவது வாசிப்பைத் தள்ளிவிட முடியாது. மற்றச் சுவர்களில் இருப்பதும் சமாரியப் பெண்ணின் கிணறு, தண்ணீர் மேல் நடக்கும் பேதுரு, படுக்கையைத் தூக்கிக்கொண்டு நடக்கும் திமிர்வாதக்காரன்.

தொட்டியின் அளவே இன்னொரு சாட்சி. 1.6 மீட்டர் நீளத்தில் வளர்ந்த ஆளை மல்லாக்கச் சாய்த்தால் தலை இடிக்கும். பக்கவாட்டில் நின்று தாங்கிப் பிடிக்கத் தூணும் கூரையும் விடாது. முக்கால் ஆழத்துக்கு நிரப்பவே ஆயிரம் லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும், ஆறோ கீழே பள்ளத்தில். ஆள் உள்ளே நின்று அல்லது மண்டியிட்டுக் குனிய, தலையில் கைவைத்து அமிழ்த்துவதும் மேலே ஊற்றுவதும்தான் நடக்கக்கூடிய காரியம். ரோமாபுரியில் கலிஸ்து சுரங்கக் கல்லறையின் மூன்றாம் நூற்றாண்டுத் தொடக்க ஓவியங்களிலும் இதுவே வருகிறது: கணுக்காலளவு தண்ணீரில் உடையில்லாத சின்ன உருவம் நிமிர்ந்து நிற்கிறது, பக்கத்தில் நிற்கும் பெரியவரின் கை அதன் தலைமேல். பிற்பாடு மொப்சுவெஸ்தியா ஆயர் தியோடோர் விவரிப்பதும் குருவின் கைக்கு அடியில் தலையை முன்பக்கமாகக் குனிந்து மூழ்குவதைத்தான். மல்லாக்கச் சாய்ப்பது வெகுகாலம் பின்னால் வந்த பழக்கம். அது தவறு என்று சொல்லவரவில்லை. ஆதிசபை வழக்கம் என்று சொல்வதுதான் தவறு.

எருசலேமில் நடந்த திருப்பம்

கல்லறை உண்மையாகவே சடங்குக்குள் நுழைந்த இடம் எருசலேம். காரணம் எளிது: அங்கே கிறிஸ்துவின் கல்லறை பக்கத்திலேயே இருந்தது. பேரரசர் கான்ஸ்டன்டைன் அங்கே கட்டுவித்த ஆலய வளாகம் 335-இல் அர்ப்பணிக்கப்பட்டது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 333-இல், போர்தோவிலிருந்து வந்த ஒரு யாத்திரிகர் கட்டி முடியும் நிலையிலிருந்த பசிலிக்காவையும், அதன் பின்னால் ஞானஸ்நானம் பெறுபவர்களைக் கழுவும் குளியலறையையும் குறித்துவைத்திருக்கிறார். அவர் கண்ணுக்கு அது இன்னும் குளியலறைதான். ஒரு தலைமுறைக்குள் ஆயர் சிரிலின் பெயரில் வழங்கும் விளக்க உரைகளில் அதே தண்ணீர் வேறொன்றாகிவிடுகிறது. புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கு உயிர்ப்பு வாரத்தில், கிறிஸ்துவின் கல்லறையைச் சூழ்ந்த வட்ட மண்டபத்தில் அந்த விளக்கம் சொல்லப்பட்டது. 380-களில் அங்கே போன பெண் யாத்திரிகர் எகேரியா, கேட்டவர்கள் எழுப்பிய ஆரவாரம் வெளியே வரை கேட்டது என்று எழுதியிருக்கிறார்.

அந்த உரை படிப்படியாகப் போகிறது. முன்மண்டபத்தில் மேற்கே பார்த்து நின்றீர்கள், இருட்டின் திசை அது, கையை நீட்டிச் சாத்தானை விட்டீர்கள். கிழக்கே திரும்பி விசுவாசத்தைச் சொன்னீர்கள். உள்ளே போய் அங்கியைக் களைந்தீர்கள், சிலுவையில் அவர் நிர்வாணமாகத் தொங்கியது போல. தலைமுடி முதல் பாதம் வரை எண்ணெய் பூசப்பட்டீர்கள். பிறகு, சிலுவையிலிருந்து எதிரே இருக்கும் இந்தக் கல்லறைக்கு அவர் கொண்டுபோகப்பட்டது போலக் குளத்துக்கு நடத்தப்பட்டீர்கள். மூன்று தரம் மூழ்கி எழுந்தது மூன்று நாள் அடக்கத்துக்கு அடையாளம். ஒரே கணத்தில் இறந்தீர்கள், பிறந்தீர்கள். அந்தத் தண்ணீர் உங்களுக்குக் கல்லறையும் ஆயிற்று, தாயும் ஆயிற்று.

பழைய படிகள் எதுவும் மாறவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். உடை களைதல், எண்ணெய், மூன்று கேள்வி, மூன்று முழுக்கு எல்லாம் முன்பே இருந்தவை. ஞானஸ்நானக் குளமும் திருக்கல்லறையும் ஒரே வளாகத்தில் இருக்கும் ஊரில், அந்தப் படிகளுக்கு ஒவ்வொன்றாகப் பாடுகளின் கதை பொருத்தப்பட்டது. அந்த ஊருக்குத்தான் உலகம் முழுவதிலுமிருந்து யாத்திரிகர்கள் வந்தார்கள். பாஸ்கா இரவு ஞானஸ்நானமும் இதே காலத்தில் பரவலாக நிலைபெற்றது. இந்த இரண்டும் சேர்ந்த பிறகு அந்தியோகியாவின் பிரசங்கியார் கிறிசோஸ்தோம், அம்புரோஸ் என்று எல்லோரும் தண்ணீரைக் கல்லறை என்கிறார்கள். கிறிசோஸ்தோமின் வாக்கியத்திலும் கல்லறைக்குள் இறங்குவதுபோலத் தண்ணீருக்குள் இறங்குவது தலைதான், முதுகு அல்ல.

சிரில் பெயரிலான உரை தன்னையே கட்டுப்படுத்தியும் கொள்கிறது: நாம் நிஜமாகச் சாகவில்லை, நிஜமாகப் புதைக்கப்படவில்லை, ஆணி அறையப்படவில்லை, இது சாயல்தான், மீட்பு மட்டும் நிஜம் என்கிறது. சாயலை முழுச் சங்கதியாக எடுத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். மரணம் ஒன்றுதானே என்று ஒரே ஒரு முழுக்காகக் கொடுத்தவர்களைப் பற்றி நான்காம் நூற்றாண்டின் கடைசியில் தொகுக்கப்பட்ட அப்போஸ்தலிக்க விதிகளில் ஐம்பதாவது விதி பேசுகிறது: மூன்று முழுக்கு இல்லாமல், ஆண்டவரின் மரணத்துக்குள் என்று ஒரே முழுக்குக் கொடுக்கும் ஆயரையும் குருவையும் பதவி நீக்கு. "என் மரணத்துக்குள் ஞானஸ்நானம் கொடுங்கள்" என்று ஆண்டவர் சொல்லவில்லையே என்று காரணமும் தருகிறது. இதே மூன்று முழுக்கை 591-இல் பாப்பரசர் பெரிய கிரகோரி செவில் ஆயர் லெயாந்தருக்கு எழுதும்போது மூன்று நாள் அடக்கமாகவே விளக்குகிறார். ஆனால் ஸ்பெயினில் எதிர்க்கொள்கைக் கிறிஸ்தவர்கள் மூன்றை வைத்து மூன்று தெய்வம் என்று எண்ணிக்காட்டுவதால் அங்கே ஒன்றே இருக்கட்டும் என்கிறார். எண்ணிக்கை அரசியலால் மாறியது, கல்லறை விளக்கம் எல்லாவற்றுக்கும் வளைந்துகொடுத்தது.

கட்டடங்கள் விஷயத்திலும் இந்த எச்சரிக்கை வேண்டும். 387 பாஸ்கா இரவில், பிற்பாடு ஆயரான அகுஸ்தினார் ஞானஸ்நானம் பெற்ற மிலான் எண்கோண மண்டபத்தின் அடித்தளத்தை இன்றும் பேராலயத்தின் கீழே பார்க்கலாம். நடுவில் தொட்டியும் எண்கோணம். அதே ஊரில் பேரரசக் குடும்பத்துக் கல்லறை மண்டபமும் எண்கோணம். எட்டாம் நாள் உயிர்ப்பின் நாள் என்ற விளக்கமும் சேர்ந்தது. கல்லறை மண்டபத்தைப் பார்த்துத்தான் ஞானஸ்நான மண்டபம் கட்டினார்கள் என்ற வாதம் வலுவானதுதான், ஆனால் ரோமானியக் குளியல் கட்டடங்களிலும் எண்கோண அறைகள் உண்டு. சிலுவை வடிவத் தொட்டிகளில் ஒரு கையில் இறங்கி எதிர்க்கையில் ஏறும் படிகள் இருக்கும். அந்தப் படிகளுக்கு அடக்கமும் உயிர்ப்பும் பொருத்தமான விளக்கமே. வழுக்காமல் இறங்கவும், வரிசையில் நிற்பவரோடு முட்டாமல் வெளியேறவும் அதே படிகள் தேவைப்பட்டன.

மரணப்படுக்கையில்

விளக்கத்தில் அல்லாமல் நடப்பிலேயே ஞானஸ்நானமும் சவ அடக்கமும் மோதிக்கொண்ட இடம் சாகக் கிடப்பவரின் படுக்கை. ஞானஸ்நானத்துக்குப் பின் செய்யும் பெரும்பாவத்துக்கு மன்னிப்புக் கடினம் என்பதால் பலர் கடைசி வரை தள்ளிப்போட்டார்கள். 337-இல் நிக்கொமேதியா அருகே கான்ஸ்டன்டைன் ஞானஸ்நானம் பெற்று, அரச ஊதாவைத் திரும்பத் தொடாமல், வெள்ளை உடையிலேயே பெந்தெகொஸ்தே நாளில் இறந்தார். ரோமாபுரியின் நகர ஆளுநர் யூனியுஸ் பாஸ்ஸுஸின் கல் சவப்பெட்டியில், 42 வயது 2 மாதத்தில், 359 ஆகஸ்ட் 25 அன்று, புதிதாய் ஞானஸ்நானம் பெற்றவராகக் கடவுளிடம் போனார் என்று வெட்டியிருக்கிறது. எட்டு நாள் உடுத்தவேண்டிய வெள்ளை உடை இப்படிச் சிலருக்குக் கோடித்துணியாயிற்று.

படுக்கையில் கொடுப்பதில் நடைமுறைச் சிக்கல்கள் அதிகம். மூழ்க முடியாது, ஊற்றத்தான் முடியும். அது செல்லுமா என்ற கேள்விக்கு மூன்றாம் நூற்றாண்டில் கார்த்தேஜ் ஆயர் சிப்ரியான் செல்லும் என்று வாதாடவேண்டியிருந்தது. பிழைத்துக்கொண்டால் இன்னொரு சிக்கல்: பயத்தில் பெற்ற விசுவாசம் என்பதால் அப்படிப்பட்டவர் குருவாக முடியாது என்று நியோசெசரேயாவில் கூடிய ஆயர் சங்கத்தின் பன்னிரண்டாம் விதி தடுத்தது. நினைவு தப்பியவருக்கு? அகுஸ்தினாரின் இளமைக்கால நண்பருக்குச் சொந்த ஊரான தகாஸ்தேயில் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தபோதே கொடுத்துவிட்டார்கள். தெளிந்ததும் அகுஸ்தினார் அதைக் கேலி பேச, நண்பர் முகம் கொடுக்கவில்லை. சில நாளில் காய்ச்சல் திரும்பி இறந்தார். 397 கார்த்தேஜ் சங்க விதிகளில், பேச முடியாத நோயாளிக்கு அவர் விருப்பத்தை உற்றார் சாட்சி சொன்னால் கொடுக்கலாம் என்றிருக்கிறது. அதே தொகுப்பில், செத்த உடலுக்கு நற்கருணை கொடுக்காதே, செத்தவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று அறியாத குருக்கள் நினைக்க இடம் கொடாதே என்றும் இருக்கிறது. நடக்காத ஒன்றைத் தடுக்க யாரும் விதி எழுதுவதில்லை. சபையிலிருந்து பிரிந்த மார்சியோன் கூட்டத்தார் செத்தவரின் கட்டிலுக்கடியில் ஓர் ஆளை ஒளித்துவைத்து, பிணத்திடம் "ஞானஸ்நானம் வேண்டுமா" என்று கேட்க, கீழிருப்பவர் "வேண்டும்" என்று சொல்லி, அவருக்கே கொடுப்பார்கள் என்று கிறிசோஸ்தோம் சிரித்துக்கொண்டே சொல்கிறார். செத்தவர்களுக்காக ஞானஸ்நானம் பெறுகிறவர்களைப் பற்றிப் பேசும் 1 கொரிந்தியர் 15:29-ஐ அவர்கள் புரிந்துகொண்ட விதம் அது.

சிரிப்பு வராத இடம் ஒன்று இருக்கிறது. சிசிலியின் கத்தானியாவில் கிடைத்து இப்போது லூவ்ரில் இருக்கும் நான்காம் நூற்றாண்டுக் கல்வெட்டு அது. யூலியா ஃபுளோரென்டினா, 18 மாதம் 22 நாள் குழந்தை. இரவின் எட்டாம் மணியில், கடைசி மூச்சு இழுக்கும் நிலையில் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். நான்கு மணி நேரம் உயிரோடிருந்தாள், "வழக்கமானவற்றை மறுபடி பெறும் அளவுக்கு". நற்கருணையைத்தான் சொல்கிறார்கள் போலும். பகலின் முதல் மணியில் இறந்தாள். பெற்றோர் இருவரும் ஓயாமல் அழுதபோது, இறந்தவளுக்காகப் புலம்பாதே என்று இரவில் தெய்வக் குரல் ஒன்று தடுத்ததாம். ஒரு குரு அவளை இரத்தசாட்சிகளின் வாசலுக்கு முன்னால் அடக்கம் செய்தார். எத்தனை மணிக்கு ஞானஸ்நானம், எத்தனை மணிக்குச் சாவு என்று கல்லில் கணக்கு வைத்த பெற்றோருக்கு இரண்டும் உவமை அல்ல. இடையிலிருந்த அந்த நான்கு மணி நேரம்தான் அவளை எங்கே புதைக்கலாம் என்பதைத் தீர்மானித்தது.

கடைசியில் ஜனங்கள் விளக்கத்தை நேராகவே எடுத்துக்கொண்டார்கள். தொட்டி கல்லறையென்றால் அதன் பக்கத்தில் புதைபடுவதைவிட நல்ல இடம் எது? ஆறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கூடிய பிரான்ஸின் ஓசேர் ஆயர் சங்கத்தின் பதினான்காம் விதி ஒரே வரி: ஞானஸ்நான மண்டபத்தில் பிணங்களைப் புதைக்கக் கூடாது. பிரசங்க மேடையில் இரண்டு நூற்றாண்டாகத் தண்ணீரைக் கல்லறை கல்லறை என்று சொல்லிவந்த ஆயர்கள்தான் அந்த விதியையும் எழுதவேண்டியிருந்தது.